பூட்டுப்படாத துவக்கு

மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

உங்களுக்கு நாலு வார்த்தை புத்தி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டவர்கள் ஒரு விசயத்தை யோசிக்கவில்லை. நான் யாரையும் இலேசில் நம்புகிற ஆள் இல்லை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்பதிலேயே எனக்குப் பாதிச் சந்தேகம் இருக்கிறது.

காணிக்கும் வீட்டுக்கும் விலை போட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இறந்தவர் விட்டுப்போன மற்றச் சாமான்கள் நம்மிடம் வரும். உழவு மெசின், தோணி, தையல் மெசின், சுவர் மணிக்கூடு, எப்போதாவது ஒரு பழைய வேட்டைத் துவக்கு. பிள்ளைகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முடிந்தால் நம்மைக் கூப்பிட மாட்டார்கள். முடியாதபோதுதான் கூப்பிடுவார்கள். ஆகவே நாம் போய் இறங்குகிற வீட்டில் யாரோ ஒருவர் பொய் சொல்லிக்கொண்டிருப்பார் என்பது என் கணிப்பு. நாற்பது வருடத்தில் அது அநேகமாகப் பிழையாகவில்லை.

ஒருமுறை ஒருவர், ஒல்லாந்தர் காலத்துத் துவக்கு என்று ஒன்றைக் கோணிச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். இரும்பெல்லாம் துரு. கட்டையெல்லாம் வெடிப்பு. வாவிச் சேற்றில் இரண்டு மாதம் தாட்டு வைத்திருந்தால் எந்த இரும்புக்கும் அந்த வயது வந்துவிடும். நான் துருவைப் பார்க்கவில்லை, திருகாணியைப் பார்த்தேன், தலையில் கூட்டல் குறி வெட்டிய இந்தக் காலத்துத் திருகாணி. "தம்பி, ஒல்லாந்தன் ஸ்டார் திருகாணியா போட்டான்?" என்று கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு என்னை வாயில் வந்தபடி ஏசிக்கொண்டு போனார். இப்படிப்பட்ட வெற்றிகள் எனக்கு நிறைய உண்டு. சந்தேகம்தான் நம்முடைய சோறு என்று திமிராகச் சொல்லித் திரிந்த காலம் அது.

எனக்குத் துவக்கு வேலை பழக்கியவர் மட்டக்களப்பு டவுனில் பட்டறை வைத்திருந்த ஒரு பறங்கியர். பேச்சுக் குறைவு, ஏச்சுத்தான் அதிகம். அவர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். "முதல்ல துவக்க மூடிப் பாரு, மறுகா வாயத் துற." இரட்டைக்குழல் துவக்கு நடுவில் மடிந்து திறக்கும், உங்களுக்குத் தெரியும். தோட்டாவைப் போட்டு மூடினால் குழலின் அடி, விசை இருக்கிற பூட்டின் முகத்தோடு வெளிச்சம் புகாமல் ஒட்ட வேண்டும். அந்த ஒட்டு கையால் அரம் போட்டு அராவி வருவது. ஒரே கம்பனி, ஒரே நாள் செய்த இரண்டு துவக்காக இருந்தாலும் ஒன்றின் குழல் மற்றதன் பூட்டில் சரியாக உட்காராது. துவக்கின் நோயும் வயதும் யோக்கியமும் மூடும்போது கைக்குத் தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒருமுறை மீறினேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

எல்லோரும் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம். கரடியனாற்றுப் பக்கம் ஒரு போடியார், நிறைய வயல் வைத்திருந்த பெரிய மனிதர், இறந்து, முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்திருந்தது. வழக்கப்படி வீடும் வளவும் வயலும் மகள் கமலாவுக்கு எப்போதோ சீதனமாகப் போய்விட்டன. மருமகன் தவராசா அந்த வீட்டில்தான் முப்பது வருடத்துக்கு மேலாக இருந்து வயலைப் பார்த்தார். மகன் நேசன் களுவாஞ்சிக்குடியில் பெண் எடுத்து அங்கே போய்விட்டவர். அதில் ஒருவருக்கும் மனக்குறை இல்லை. குறை எல்லாம் போடியாரின் துவக்கில் வந்து நின்றது. சீதனத்தில் துவக்கு எழுதப்படவில்லை. லைசன் போடியார் பெயரில். ஆள் இறந்ததால் துவக்கைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும், அதற்கு முதல் மதிப்பிட்டு எழுதித் தாருங்கள் என்று சட்டத்தரணி ஒருவர் என்னை அனுப்பினார். ஒப்படைக்கும் நேரம் அடுத்த நாள் காலை பத்து மணி.

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேசன் மோட்டார் சைக்கிளோடு நின்றார். ஐம்பதைத் தொடுகிற வயது, நல்ல உடுப்பு, பொறுமை இல்லாத ஆள். ஏறி உட்கார முதலே, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் காக்கா என்று கூப்பிட்டுத் தொடங்கினார்.

"காக்கா, இத ஆரிட்டயும் சொல்லாதீங்க. அது இங்கிலீசுத் துவக்கு. கொழும்புல ஒராள் விசாரிச்சவர், நல்ல காசு போகுமாம். எனக்குக் காசு வேணாம். ஆனா அத்தான் அதுல கை வெச்சிட்டார் எண்டு எனக்கு ஒரு எண்ணம்."

"எப்புடிச் சொல்றீங்க?"

"அப்பா ஒரு வருசமாப் படுக்கையில. நான் வந்து துவக்கப் பாக்கப் போனா, அலுமாரியத் துறக்க உட மாட்டார். இப்ப வேணாம் மச்சான், மறுகா பாப்பம், எண்டுவார். ஒளிக்க ஒண்டும் இல்லாட்டி என்னத்துக்கு அப்புடிச் சொல்ற?"

காசு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு விலையையும் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. ஆனால் அலுமாரிக் கதை எனக்குப் பிடித்துவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சின்னத் துண்டு போதும், மிச்சத்தை நாங்களே தைத்துவிடுவோம்.

வீட்டில் கமலா கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். தவராசா உள்ளே போய்த் துவக்கைக் கொண்டுவந்தார். மெலிந்த, வெயிலில் கறுத்த மனிதர். இரண்டு சாரன் துணிகளில் இரண்டு பொதி. ஒன்றில் கட்டையும் பூட்டும், மற்றதில் குழல். மேசையின் இந்த முனையில் ஒன்றை வைத்தார், அந்த முனையில் மற்றதை வைத்தார்.

"பூட்டித் தாங்களன் தம்பி," என்றேன்.

"எனக்குப் பூட்டத் தெரியா, காக்கா."

முப்பது வருடம் துவக்கு இருந்த வீட்டில் இருந்தவர், காட்டுப்பன்றியும் யானையும் இறங்குகிற வயல் வட்டையில் பயிர் செய்கிறவர், அதைப் பூட்டத் தெரியாது என்கிறார். நான் மனதுக்குள் ஒரு கோடு இழுத்துக்கொண்டேன்.

கண்ணாடியைப் போட்டு இலக்கத்தைப் பார்த்தேன். இந்தக் கம்பனி குழலிலும் பூட்டிலும் கைபிடிக்கிற முன்கட்டையிலும் ஒரே இலக்கத்தை அடிக்கும். லைசனில் இருந்தது பூட்டின் இலக்கம். பூட்டில் அதே இலக்கம், முன்கட்டையிலும் அதே. குழலைப் புரட்டினேன். நாலு எண்களில் முதல் மூன்றும் சரி. கடைசி எண் மட்டும் பிழை. லைசனில் ஆறு, குழலில் ஏழு.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோசம் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோசம்தான். யாரோ நல்ல குழலைக் கழற்றி விற்றுவிட்டு, இன்னொரு குழலைக் கொண்டுவந்து இலக்கம் அடித்திருக்கிறான். பழசான லைசனில் ஆறை ஏழு என்று வாசித்துவிட்டான். கள்ளனுக்கும் கண் மங்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம். தவராசாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"தம்பி, இந்தத் துவக்குட குழல் எங்க?"

"இதுதான் காக்கா."

"இது இல்ல. இது வேற துவக்குட குழல். ஆரோ மாத்தி இரிக்காங்க."

அவ்வளவுதான் நான் சொன்னது. நேசன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"நான் சொன்னனா இல்லையா? அப்பா சாகக் கிடக்கக்குள்ள கழட்டி வித்திட்டீங்க என்ன அத்தான்?"

"நான் விக்கல்ல மச்சான்."

"அப்ப அந்தக் குழல் எங்க?"

தவராசா நிலத்தைப் பார்த்தார். கமலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கிட்ட வந்தார்.

"தெரியுமெண்டாச் சொல்லுங்களன். இவன் கத்துறான், நீங்க பேசாம நிண்டா என்ன அருத்தம்?"

"எனக்குத் தெரியா," என்றார் தவராசா. அதைச் சொல்லும்போது நேசனை நேரே பார்த்தார், பெண்சாதியைப் பார்க்கவில்லை. பொய் சொல்கிறவர் கண்ணை எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியும். இவர் பொய்தான் சொன்னார். அதில் நான் பிழை விடவில்லை.

நாளைக்குப் பத்து மணிக்குத் துவக்கு ஒப்படைக்கிற இடத்திலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கப்போவதாக நேசன் சொன்னார். லைசன் துவக்கின் குழலைக் கள்ளமாக விற்றவர் என்று ஒருவர் பெயர் நம்முடைய ஊர்ப் பக்கத்தில் எழுதப்பட்டால் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யாருக்கு விற்றாய், எதற்கு வாங்கினான், இன்னும் என்ன இருக்கிறது என்று கேள்வி வளர்ந்துகொண்டே போகும். மனிதர் எப்போது வீட்டுக்கு வருவார் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கமலாவுக்கும் அது விளங்கியது. ஆனால் தம்பியைத் தடுக்கவில்லை. புருசனை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் குடித்து வைத்த கோப்பையை எடுக்கவும் வரவில்லை.

அறிக்கையைக் காலையில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, செங்கலடியில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் தங்கினேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழுத உட்கார்ந்தேன். எங்கள் அறிக்கைத் தாளின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். இலக்கம், நீளம், துவாரம் எல்லாம் எழுதிய பிறகு ஒரு வரி வரும்: மூடிப் பார்த்ததில் கண்டது. அந்த வரியில் பேனை நின்றுவிட்டது. நான் மூடிப் பார்க்கவில்லை. பிழையான குழல் என்று கண்டதும், பிழையான குழலை மூடி என்ன பார்க்க என்று விட்டுவிட்டேன். நாற்பது வருடத்தில் அந்த வரியை நான் பாராமல் எழுதியதில்லை. 'பொருந்தவில்லை' என்று ஊகித்து எழுதலாம், யார் வந்து கேட்கப் போகிறார்கள்? எழுதக் கை வரவில்லை.

காலையில் ஏழு மணிக்கே கரடியனாற்றில் இறங்கினேன். கமலா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. தவராசா மாமரத்தடியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார். இரவு அவருக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை என்று அவருடைய முகம் சொன்னது.

"திரும்பவும் ஒருக்காப் பாக்கணும்," என்றேன். இரண்டு பொதியையும் கொண்டுவந்து வைத்தார்.

பூட்டினேன், மூடினேன். மூடுப்படவில்லை. பலத்தைக் கொடுத்து அமத்தினால் முக்கால்வாசிக்கு வந்து நின்றது. உள்ளே வெளிச்சம் தெரிந்தது. சிகரட் பெட்டித் தாளை மடித்து இடைவெளியில் விட்டேன், தடையில்லாமல் போனது. இதில் ஒருவர் தோட்டா போட்டுச் சுட்டால் வெடி முன்னுக்குப் போகாது, சுடுகிறவரின் முகத்துக்குத்தான் வரும். குழலின் அடியில் உள்ள கொக்கியைப் பார்த்தேன். தேய்வு இல்லை. அரம் பட்ட ஒரு கீறல் இல்லை. பிறகு மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி, பழந்துணியால் இலக்கங்களைத் துடைத்தேன். பூட்டின் ஆறுக்குள்ளிருந்து அடுப்புப் புகை படிந்த கறுப்பு எண்ணெய் வந்தது. குழலின் ஏழுக்குள்ளிருந்தும் அதே கறுப்பு வந்தது. ஏழு என்கிற எண் பிறவியிலேயே ஏழுதான். ஒருவரும் அடிக்கவில்லை, மாற்றவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏமாற்ற வருகிறவன் பொருந்தச் செய்வான். ஸ்டார் திருகாணிக்காரர்கூடத் தன் பொய்யைப் பொருத்தப் பாடுபட்டார். கள்ளக் குழல் வைக்கிறவன் இரண்டு நாள் அரத்தோடு உட்கார்ந்து மூடுப்படச் செய்திருப்பான். இந்தக் குழலைப் பொருத்த ஒருவரும் நினைத்ததே இல்லை. பொருந்தாது என்று தெரிந்துகொண்டே யாரோ வைத்திருக்கிறார். அதுவும் பல வருடமாக.

தவராசாவை வாய்க்கால் கட்டுப் பக்கம் கூட்டிப்போனேன்.

"தம்பி, இது களவு இல்ல எண்டு எனக்கு விளங்குது. என்ன எண்டு விளங்கல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சந்தேகப்படுவது என் தொழில் என்று இருந்தவன், அன்றைக்கு என்னை ஒருவர் சந்தேகத்தோடு அளப்பதைப் பார்த்தேன்.

"காக்கா எந்த ஊரு?"

"காத்தான்குடி."

"ஏறாவூர்ல ஆக்கள் இரிக்கா?"

"இல்ல."

"கேக்கிறதெல்லாம் எழுதுவீங்களா?"

"கண்டத எழுதுவன். கேட்டத எழுத எனக்குச் சம்பளம் இல்ல."

வாய்க்கால் கட்டில் குந்தினார். பிறகு சொன்னார். போடியாரின் வயலுக்கு அடுத்த வட்டை, ஏறாவூர் முஸ்லிம் ஆள் ஒருவருடையது. இருவரும் கூட்டாளிகள். ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு துவக்கு வாங்கியவர்கள். ஒன்றின் இலக்கம் ஆறில் முடியும், மற்றது ஏழில். பிறகு தமிழ், முஸ்லிம் இரண்டு சனத்துக்கும் நடுவில் நெருப்புப் பிடித்த அந்தக் கெட்ட வருடம் வந்தது. ஒருநாள் இருவரும் வயல் வரம்பில் இருந்து குழலை மாற்றிக்கொண்டார்கள்.

"இவர்ர குழல் அவரிட்ட, அவர்ர குழல் இஞ்ச. எங்கட இயக்கப் பொடியன்மார் வந்து பறிச்சாலும் சுட ஏலா, அவங்கட ஆக்கள் வந்து பறிச்சாலும் சுட ஏலா. நான்தான் வைக்கல் கட்டுக்குள்ள வெச்சி வண்டில்ல கொண்டுபோனன். நான் கலியாணம் முடிச்சி அப்ப ஒரு வருசமும் இல்ல. ஊட்டுல ஒருத்தருக்கும் சொல்லாத எண்டார் மாமா. பொஞ்சாதிக்கும் சொல்லல்ல."

"கலவரம் முடிஞ்சி மாத்தி எடுக்கல்லையா?"

"அவர் ஆமி சுத்திவளைச்ச ஒரு ரவுண்டப்புக்குப் பயந்து, அவர்ர கட்டையையும் பூட்டையும் வாவிக்குள்ள போட்டுட்டார். ஆனா மாமாட குழல மட்டும் போடல்ல. அது அமானிதம், நம்பித் தந்தது, என்ட சாமான் எண்டா எறியலாம், அது அவன்ட, எண்டு சொன்னாராம். மறுகா எல்லாம் அடங்கி, மாமா லைசன் எடுத்தார். குழலத் திருப்பிக் கேக்கல்ல. கேட்டா, இவ்வளவு நாளும் நம்பல்ல எண்டு ஆயிரும் எண்டார். அவரும் கொண்டந்து தரல்ல. தந்தா, இனி வெச்சிருக்க மாட்டன் எண்டு சொல்ற மாதிரி ஆயிரும். அப்புடியே ரெண்டு பேரும் போயிச் சேந்திட்டாங்க."

"குழல் இப்ப எங்க?"

"அவர்ர மகள்ட ஊட்டுக் கூரைக்குள்ள. மாப்பிள்ள வேலைக்குக் கட்டார் நாட்டுல. அந்தப் புள்ளைக்கு அது என்னெண்டும் தெரியா. நான் இஞ்ச வாயத் துறந்தா, லைசன் இல்லாத குழல் எண்டு அங்க பொலிஸ் போகும். அதுக்கு நான் உள்ள போறது சுகம்."

கதை நன்றாக இருந்தால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும். ஆகவே ஒன்று கேட்டேன்.

"முன்கட்டையையும் மாத்தினீங்களா?"

"இல்ல. குழல் மட்டும்தான். முன்கட்டை மாமாடயதான்."

முன்கட்டையில் ஆறு இருந்ததை நான் முதல் நாளே பார்த்திருந்தேன், யாருக்கும் சொல்லவில்லை. அந்தச் சின்ன எண்ணை வாசிக்க அவரிடம் கண்ணாடியும் இல்லை. நான் நம்பினேன். ஆனால் என் நம்பிக்கை அவருக்கு என்ன உதவி? நேசனிடம் இதைச் சொல்ல முடியாது. சொல்லாமல், உங்கள் அத்தான் நல்லவர் என்று சொன்னால், எவ்வளவு வாங்கினீர்கள் காக்கா என்று கேட்பார். அவருடைய இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். நேற்று நான் சொன்ன வார்த்தையை இன்றைக்கு நானே எப்படி விழுங்குவது?

ஒன்பது மணிக்கு நேசன் வந்தார். சட்டைப் பையில் முறைப்பாடு நாலாக மடித்துக் கிடந்தது. தவராசாவைப் பார்க்காமல் என்னிடம் வந்தார்.

"எழுதிட்டீங்களா காக்கா?"

"ஒரு வரி மிச்சம் தம்பி. இத ஒருக்கா நீங்க மூடித் தாங்க," என்று துவக்கை அவர் கையில் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை. பொருந்தாததை அவர் கையே தொட்டு அறியட்டும், பிறகு நான் சொல்வதைக் கேட்கக்கூடும் என்று நினைத்தேன்.

நேசன் மூடினார். முக்கால்வாசியில் நின்றது. முழங்காலில் வைத்து அமத்தினார். திரும்பவும் திறந்து, திரும்பவும் மூடினார். மூன்றாவது முறை கை நடுவில் நின்றுவிட்டது. மேசையில் வைக்கவும் மறந்து, அதைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன தம்பி?"

"அண்டைக்கும் இப்புடித்தான்."

"எண்டைக்கு?"

அவர் அக்காவைப் பார்த்தார். கமலா குசினி வாசலில் நின்றார்.

"எனக்குப் பதினேழு வயசு. கூட்டாளிமார் நாலு பேர் இயக்கத்துக்குப் போக ஒழுங்கை முடக்குல நிண்டாங்க. துவக்கோட வா, இல்லாட்டி வராத, எண்டிட்டாங்க. அப்பா வயலுக்குப் போன நேரம் குசினிப் பரணுல ஏறி இத எடுத்தன். பூட்டிப் பாத்தன், மூடுப்படல்ல. இதே இடத்துலதான் நிண்டிச்சி. மிதிச்சும் பாத்தன். துருப்புடிச்சிட்டு எண்டு நெனச்சி எறிஞ்சிட்டு அழுதன். திரும்பிப் பாக்கக்குள்ள அப்பா வாசல்ல நிக்கார்."

"ஏசினாரா?"

"ஒண்டும் சொல்லல்ல. துவக்கக் குனிஞ்சி எடுத்தார். எனக்குச் சோறு போடச் சொல்லி அம்மாட்டச் சொல்லிட்டுப் போனார். கூட்டாளிமார் நான் இல்லாமப் போயிட்டாங்க."

அந்த நாலு பேரும் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. மூன்று பேர் திரும்பி வரவில்லை என்று அவராகவே சொன்னார்.

நான் மெல்லக் கேட்டேன். "அப்ப தம்பி, அத்தான் போன வருசம் வித்த குழல், உங்கட பதினேழு வயசுல எப்புடிப் பொருந்தாமப் போச்சி?"

நேசன் திரும்பவும் அந்த இடைவெளியைப் பார்த்தார். துவக்கை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். ஐம்பது வயது ஆள், கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க நான் பேனையைத் தேடினேன்.

"என்னாலதான் இத மாத்தி வெச்சிரிக்கார்," என்றார். "என்ன அவர் நம்பல்ல காக்கா. நம்பி இருந்தா நான் இண்டைக்கு இல்ல."

மாற்றிய குழல் எங்கே என்று அவர் கேட்கவில்லை. தவராசாவைப் பார்த்து, "அத்தானுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தவராசா ஓம் என்று தலையை ஆட்டினார். "சொல்லத் தேவல்ல," என்றார் நேசன். பையிலிருந்த முறைப்பாட்டை எடுத்து என் மண்ணெண்ணெய்த் துணியோடு போட்டார்.

அறிக்கையில் நான் எழுதியது இதுதான். பூட்டு லைசனோடு சரி. குழல் இதற்கு உரியதல்ல, நீண்ட காலமாக இந்த நிலையிலேயே இருந்திருக்கிறது. மூடிப் பார்த்ததில் மூடுப்படவில்லை. சுட ஒருபோதும் பயன்படுத்தக்கூடாது. துவக்காக விலை இல்லை. இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் தெரிந்ததெல்லாம் அதில் இல்லை. நீங்கள் என்றால் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது சரிதான் என்று சத்தியம் பண்ணவும் மாட்டேன்.

இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் துவக்கை ஒப்படைக்கப் போனார்கள். நேசன் ஓட்டினார், தவராசா பொதியை மடியில் வைத்துப் பின்னால் இருந்தார். நான் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை நல்லபடியாக முடிந்தது என்றுகூட எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. அப்போது கமலா தேத்தண்ணியோடு வந்தார். கோப்பையைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"காக்கா, முப்பது வருசத்துக்கு மேல இந்த மனிசனோட இரிக்கன். ஒரு நாள் ஒரு சாமான் ஒளிச்சி எடுத்த ஆள் இல்ல. நேத்து நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. நான் அவருக்குச் சோறு போடல்ல. ராவு முழுக்க அவர் வெளியில கிடந்தார், நான் கதவத் துறக்கல்ல. இனி அவர்ர முகத்த எப்புடிப் பாக்கிற?"

கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தேன். சந்தேகம் என் தொழில், அதை நான் வைத்திருக்கலாம். பாராத ஒன்றை வாயால் சொல்லி இன்னொருவர் வீட்டுக்குள் விட எனக்கு உரிமை இருக்கவில்லை.

"பிழை என்னிலதான் தங்கச்சி," என்றேன்.

"ஓம்," என்றார் கமலா.